இடைவெளி கண்ட இடத்தில்

டார்ட்டுவில் இரவு இரண்டேகால்.
கணினிக் கொத்துக்கு இன்று நான் காவல்.
ஏப்ரல் பாதி போயும் வெளியே பனி.
காப்பி ஆறி, மேலே ஆடை கட்டிவிட்டது.

கெர்து என்னும் பயனர் ஒன்பது மணிக்கு
நான்கு வரிச் சுழல் ஒன்றை ஏவிவிட்டு
உறங்கப் போயிருக்கிறாள்.
ஒவ்வொரு ஒலிக்கோப்புக்கும் ஒரு பணி.
ஒவ்வொரு பணிக்கும் ஒரு செயலி,
நான்கு கிகா நினைவகம், இருபது நிமிடம்.
கோப்புகள் நானூற்றுப் பன்னிரண்டு
என்று விண்ணப்பத்தில் இருக்கிறது.

வரிசையில் நிற்பவை மூவாயிரத்து ஆறு.

நிற்பவை என்பதும் சரியில்லை.
இடம் கிடைத்ததும் ஓடிவந்து
கதவைத் தட்டி
இரண்டு நொடியில் விழுகின்றன.
ஒவ்வொன்றின் வாயிலும் ஒரே சொல்:
அப்படியொரு கோப்பு இல்லை.

பெயர்களைப் பார்த்தேன்.
மழை. அப்படியொரு கோப்பு இல்லை.
நாய். இல்லை.
குரைத்தது. இல்லை.
மன்னிக்கவும், ஐம்பத்தேழு தடவை.
இல்லை, இல்லை, இல்லை.

ஹீயுமா தீவில் லெம்பிட் என்றொருவர்,
படகு இயந்திரம் பழுது பார்ப்பவர்.
பன்னிரண்டு வசந்தம் கூரையில் ஒலிவாங்கி வைத்து
இரவில் வடக்கே போகும் பறவைகளைப் பிடித்திருக்கிறார்,
குரலை மட்டும்.
கோப்புக்குப் பெயர் வை என்றால்
அவர் கடிதம் எழுதுவார்:
மே 14 தெற்குக் காற்று நாய் குரைத்தது மன்னிக்கவும்.

சுழலுக்கு அது தெரியாது.
இடைவெளி கண்ட இடத்தில் வெட்டு,
வெட்டிய துண்டுக்கு ஒரு பணி கொடு.
சொன்னதைச் சொன்னபடி செய்தது.
மே என்ற ஒன்று தனியாக
நான்கு கிகா நினைவகம் கேட்டது.
காற்று இருபது நிமிடம் கேட்டது.

நிறுத்தியிருக்க வேண்டும்.
நிறுத்தவில்லை, ஒரு பத்து நிமிடம்.

ஏனென்றால் வரவில்லை என்று ஒரு பணி
வந்து விழுந்தது.
யார் வரவில்லை?
எழுவாய் எந்தக் கணுவில் விழுந்ததோ.
முடிந்த நேரப்படி அடுக்கிய பட்டியலில்
அதற்கு முன்னால் உப்பு,
பின்னால் ஞாயிறு.

எண்படி அடுக்கினேன்.
மே. 20. மழை. ஆனு. வரவில்லை.
ஒலிவாங்கி. நனைந்தது.

ஆனு. அப்படியொரு கோப்பு இல்லை.

பிறகுதான் எல்லாவற்றையும் ரத்து செய்து
கெர்துவுக்குத் தொலைபேசினேன்.
நீண்ட நேரம் மணி.
மூவாயிரம் என்றேன்.
மூச்சு மட்டும் கேட்டது.
தூக்கம் கலையாமலே, மேற்கோள்குறி என்றாள்,
மாறிக்கு மேற்கோள்குறி போடவில்லை நான்.
நீங்களே போட்டு ஓட்டிவிடுங்களேன்.

போட்டேன்.
அந்தப் பக்கம் இரண்டு கீற்று,
இந்தப் பக்கம் இரண்டு கீற்று.
அவ்வளவுதான் வேலி.
நானூற்றுப் பன்னிரண்டு பணிகள்
முழு முழு வாக்கியமாக வரிசையில் வந்து நின்றன,
மழையும் நாயும் மன்னிப்பும்
ஒரே மேலங்கிக்குள்.

நான்கரைக்கு முடிவுகள்.
மே 20: கடல்வாத்து, ஆயிரத்து நூற்று நாற்பது,
நம்பகம் 0.93.
அந்த மழையிலும் அத்தனையும் போயிருக்கின்றன,
நனைந்த ஒலிவாங்கிக்கு மேலே.
மற்றதைக் கேட்க
அந்த நிரலுக்குப் பயிற்சி இல்லை.

ஒரு பணி மட்டும் நேரம் போதாமல் செத்தது.
பெயர்: ஜூன் 2 ஒன்றுமில்லை ஆனாலும் விட்டுவைத்தேன்.
ஆறு மணி நேர ஒலி.
அதற்கு மட்டும் நாற்பது நிமிடம் கொடுத்தேன்.

மூவாயிரம் பணி கேட்ட பாவத்துக்கு
கெர்துவின் முன்னுரிமை தரையில் கிடந்தது.
ஏற்றிவிட்டேன். யாரிடமும் கேட்கவில்லை.
கோப்பையைக் கழுவப் போனேன்.